அப்பா ஊற்றிய தண்ணீரும் காணாமல் போன கூலன்ட்டும்

எங்கள் வீட்டுக் காரில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அப்பா.

அப்பா சேலத்தில் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்ப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார், பேட்டரி முனையைத் தொட்டுப் பார்ப்பார், கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் ஊற்றுவார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். வயசானவருக்கு ஒரு பழக்கம், இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மார்ச்சில் அப்பா மதுரையில் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தார். பதினோராவது நாள், ஆபீஸிலிருந்து திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சின் ஆறியதும் திறந்து பார்த்தால் தொட்டி காலி. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வீட்டு போர்டிகோவிலும் கறை இல்லை. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் திரவம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார். ஹெட்டக் கழட்டினாத்தான் தெரியும், முப்பதாயிரம் வரும்" என்றார்கள். அந்த மாதம் மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. முப்பதாயிரம் எனக்குச் சின்னத் தொகை இல்லை. அதைவிட, "கழட்டினாத்தான் தெரியும்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன்: உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அதன் குறிப்புகள்.

படித்ததில் முதலில் புரிந்தது இதுதான். கார் எஞ்சினில் தண்ணீர் குறைவது ஒரு "கோளாறு" என்று ஆனதே பிற்பாடுதான். தொடக்கத்தில் அது கோளாறே இல்லை.

குறைவதுதான் டிசைன்

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் சொல்கிற ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை. எஞ்சின் சூடாகச் சூடாக அந்தத் தண்ணீர் கொதிக்கும், ஆவியாகிக் காற்றில் போகும். அவ்வளவுதான் குளிர்விப்பு ஏற்பாடு.

கேட்கும்போது பழங்காலத்து அசட்டுத்தனம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 335 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியில் ஆவியாக்க சுமார் 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது தண்ணீர் சூடாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தைப் போல ஆறேழு மடங்கை ஆவியாகும்போது இழுத்துக்கொண்டு போகிறது. எடை குறைந்த வண்டிக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு விலை: தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த விலையைக் கொடுத்துக் காட்டியவர் பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப்போனார். வீஸ்லோஹ் ஊர் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியது, அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தது எல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. வழி நெடுகத் தண்ணீர் தேடி நிறுத்தி நிறுத்தி நிரப்பிக்கொண்டு போனதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பயணத்தில் "கூலன்ட் குறைகிறது" என்று யாராவது சொல்லியிருந்தால், "பின்னே, குறையாமல் எப்படி ஓடும்?" என்றுதான் அவர் கேட்டிருப்பார்.

தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவருதல்

எரிபொருளில் இருக்கும் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் தண்ணீருக்குள்தான் வெப்பமாக இறங்குகிறது. எஞ்சின் பெரிதாக ஆக, கொதிக்கவைத்து விடுகிற வித்தை கட்டுப்படியாகவில்லை. தண்ணீரை ஆறவைத்து மறுபடி அனுப்ப வேண்டும். இதைச் சரியாகச் செய்துகாட்டியவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மைபாக். எமில் யெல்லினெக் தன் மகள் பெயரை வைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டிக்காக, 1900-ல் அவர் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. குழாய்க்குள் காற்று, குழாய்களுக்கு இடையே தண்ணீர். முன்பு 18 லிட்டர் தேவைப்பட்ட வேலைக்கு இப்போது 9 லிட்டர் போதும் என்று ஆயிற்று.

ஆனால் அமைப்பு இன்னும் திறந்துதான் இருந்தது. ஃபோர்டின் மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் வந்த முதல் 2,500 வண்டிகள் வரைக்கும் தண்ணீர் பம்ப் இருந்தது. அதற்குப் பிறகு பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்த ஓட்டமே போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்த முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் மெதுவாகாது, நின்றே போகும். கொஞ்சம் குறைந்தால் மொத்தமும் போச்சு.

அதனால்தான் அந்தக் காலத்து டிரைவர்களுக்கு ரேடியேட்டர் மூடி ஒரு தெய்வச் சிலை மாதிரி. அந்த மூடியின் உச்சியிலேயே ஒரு வெப்பமானியை வைத்து விற்றார்கள். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். ஓட்டுகிறவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே போகலாம். அது அளந்தது தண்ணீருக்கு மேலே நின்ற ஆவியின் சூட்டை. இன்றைய வண்டிகளில் சென்சார் திரவத்துக்குள் மூழ்கி இருக்கிறது. திரவமே இல்லாமல் போனால் அது வெறும் காற்றில் தொங்கும், முள் நல்ல பிள்ளையாக நடுவிலேயே நிற்கலாம். "டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லையே" என்று சொல்லி எஞ்சினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. எனக்கு விளக்கு எரிந்தது அதிர்ஷ்டம்.

இன்னொரு இழப்பும் இருந்தது. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீர் சுமார் 4 சதவீதம் விரிகிறது. 5 லிட்டர் தண்ணீர் இருந்தால் 200 மில்லி கூடும். மூடிக்குக் கீழே ஒரு சின்னக் குழாய், அந்த 200 மில்லி அதன் வழியாக ரோட்டில் கொட்டிவிடும். ஆறினால் உள்ளே காற்று. மறுநாள் காலையில் டிரைவர் சொம்போடு வருவார். அப்பா ஓட்டிய வண்டியும் இப்படித்தான். ஏற்காடு மலையில் இருபது கொண்டைஊசி வளைவுகள். பாதி வழியில் நிறுத்தி, ஈர பனியன் வேஸ்ட்டை மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் திருகு திருகுவார். டிக்கியில் எப்போதும் ஐந்து லிட்டர் கேன் இருக்கும். சின்ன வயதில் அந்த கேனை ஊற்றுக்குழாயில் நிரப்பிக்கொண்டு வருவது என் வேலை.

ஆவியாகாத திரவம்

குளிர்நாடுகளில் வேறு தொல்லை. இரவில் தண்ணீர் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். அதனால் ஆல்கஹால் கலந்தார்கள். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியில். எஞ்சின் சூடானாலே முதலில் ஆல்கஹால்தான் பறக்கும். பார்த்தால் தொட்டியில் திரவம் இருக்கும், அதில் உறையாமல் காக்கும் சரக்கு இருக்காது. இழப்பு கண்ணுக்கே தெரியாது. அடர்த்திமானியை வைத்து அடிக்கடி அளந்து பார்த்தால்தான் உண்டு.

பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1856-ல் முதன்முதலாகத் தயாரித்த எத்திலீன் கிளைகால் இதற்கு விடையாக வந்தது. அதன் கொதிநிலை 197 டிகிரி. 1927-ல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இந்த வகைத் திரவங்களை "நிரந்தரமானது" என்று சொல்லி விற்றார்கள். எனக்கு அந்தச் சொல் முக்கியமாகப் படுகிறது. ஆவியாகாத ஒன்றை ஊற்றிவிட்டு அது குறைந்தால், இனி "வெயில்ல போயிருக்கும்" என்று சொல்ல முடியாது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

அடுத்தது அழுத்தம். மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் ஏறும்வரை திறக்காதபடி செய்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. இந்த அனுகூலத்தை விமான எஞ்சின்களில்தான் தீவிரமாகத் துரத்தினார்கள். ஸ்பிட்ஃபயரில் இருந்த மெர்லின் எஞ்சின் ஆரம்பத்தில் கலப்பில்லாத கிளைகாலில் ஓடி, பிறகு அழுத்தத்தில் வைத்த தண்ணீரும் கிளைகாலும் கலந்த திரவத்துக்கு மாறியது. இறக்கைக்கு அடியில் இருந்த ரேடியேட்டரில் ஒரு குண்டு பாய்ந்தால் போதும், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். கூலன்ட் இழப்பு உயிர்க் கணக்காக இருந்த இடம் அது.

அழுத்தத்தில் நிற்கும் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதையும் கணக்காகவே சொல்கிறேன். 120 டிகிரித் தண்ணீரை ஒரேயடியாக வெளிக்காற்றுக்குத் திறந்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 37 கிராம் அந்த நொடியிலேயே நீராவியாகும். 37 கிராம் நீராவி 60 லிட்டர் இடத்தை அடைக்கும். அது வெளியே வருகிற வழி உங்கள் முகம்.

கடைசிப் படி, விரிந்து வழியும் அந்த 200 மில்லியைப் பிடித்து வைத்துக்கொள்வது. 1961-ல் வந்த ரெனோ 4, பெருவாரியாகத் தயாரான கார்களில் மூடிய குளிர்விப்பு அமைப்போடு வந்த முதல் வண்டியாகச் சொல்லப்படுகிறது. சூடானால் திரவம் ஒரு தனிப் புட்டிக்குள் போகும், ஆறினால் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஊற்ற வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் விளம்பரம்.

மர்மம் பிறந்தது இங்கேதான். பெர்த்தா பென்ஸுக்குத் தண்ணீர் குறைந்தால் காரணம் தெரியும். மாடல் டி ஓட்டியவருக்கும், ஏற்காட்டு வளைவில் அப்பாவுக்கும் தெரியும். மூடிய அமைப்பில் மட்டும்தான் "எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு இடம் இருக்கிறது.

ஹெட் கேஸ்கட்மேல் ஏன் எல்லோருக்கும் சந்தேகம்?

ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. பல எஞ்சின்களில் மேல்பாகமான ஹெட் அலுமினியம், கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, ஒரு பக்கம் நெருப்பையும் இன்னொரு பக்கம் தண்ணீரையும் பிரித்து வைத்திருப்பது அந்த மெல்லிய தகடு. ஒருமுறை எஞ்சின் அதிகமாகச் சூடானாலும் அது விட்டுக்கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் பத்துக்கணக்கான பார் அழுத்தம். கூலன்ட்டில் 1 பார்தான். ஆகவே ஓடும்போது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். கூலன்ட் பக்கம் அழுத்தம் மிச்சம் இருக்கும், சிலிண்டரில் இருக்காது. ராத்திரி முழுக்கக் கூலன்ட் உள்ளே கசியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, இனிப்பு வாசனை. ஒரே ஓட்டையில் பகலில் ஒரு திசை, இரவில் எதிர்த்திசை.

இந்தப் புகும் வாயுவைத்தான் சோதனை பிடிக்கிறது. புரோமோதைமால் புளூ என்ற நீலத் திரவத்தை ஒரு குழாயில் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்ஸைடு கலந்திருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. ஹெட்டைக் கழட்ட வேண்டாம்.

ஒரு நதி காணாமல் போன கதை

அடுத்த சோதனையின் வரலாறு இன்னும் ருசியானது. தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் ஊர்ப் பக்கம் டான்யூப் நதி சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போகிறது. வறண்ட மாதங்களில் ஆற்றுப்படுகையில் நடந்தே போகலாம். தண்ணீர் எங்கே போகிறது? தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் ஆற்றின் பெரிய ஊற்று இருக்கிறது. அங்கேதான் வருகிறது என்று ஒரு சந்தேகம். டான்யூப் கரையில் ஆலை வைத்திருந்தவர்களுக்கும் ஆஹ் கரையில் ஆலை வைத்திருந்தவர்களுக்கும் இது பிழைப்புப் பிரச்சினை.

1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற புவியியலாளர் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தை அந்தப் பிளவில் கொட்டினார். அடால்ஃப் ஃபான் பேயர் அந்தச் சாயத்தை உருவாக்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. 60 மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கான்ஸ்டன்ஸ் ஏரி வழியாக ரைன் நதியில் கலந்து வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது உறுதியாயிற்று. வழக்கு ஓயவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான தகராறாக வளர்ந்து 1927-ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனது. பிரெஸ்டோன் சந்தைக்கு வந்த அதே வருஷம்.

அந்த ஃபுளோரசீன்தான் பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டின் நிறம். அழகுக்காக மட்டும் போடுவதில்லை. புற ஊதா விளக்கைக் காட்டினால் கசிந்த இடம் ஒளிரும்.

விளக்கு வெளிச்சத்தில்

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் வயதான ரேடியேட்டர் கடைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். மதுரையிலிருந்து திரும்பியிருந்த அப்பாவும் கூட வந்தார். கடைக்காரர் முதலில் மூடியைப் பார்த்தார். அதன் ரப்பர் இறுகிப்போனால் ஆறும்போது திரவத்தைத் திரும்ப இழுக்காது. ஓட்டையே இல்லாமல் குறையும். மூடி நன்றாக இருந்தது. கார்ப்பெட்டை அமுக்கிப் பார்த்தார், ஹீட்டர் கசிவு இல்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பு வைத்து 1 பார் ஏற்றினார். இருபது நிமிடத்தில் முள் லேசாக இறங்கியது. கசிவு உண்மைதான். நீலத் திரவம் நீலமாகவே நின்றது.

"ஹெட் இல்லீங்க. வெளியதான் போகுது" என்றார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "இது கூலன்ட்டே இல்லியே, வெறுந்தண்ணி. யாரு ஊத்துனது?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை.

சாயம் ஊற்றி இரண்டு நாள் ஓட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்குப் போனோம். கடை விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சைக் காட்டினார். தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை. உள்ளே சீல் தேய்ந்தால் திரவம் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும் என்று வேண்டுமென்றே வைத்த துளை அது. அங்கிருந்து ஒரு பச்சைக் கோடு பிளாக்கின் மேல் வழிந்து பாதியிலேயே முடிந்திருந்தது. சூடான இரும்பில் காய்ந்துவிடுகிறது. மிச்சம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில். அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் விழவில்லை. அசல் கூலன்ட்டாக இருந்திருந்தால் வண்ணக்கறை காய்ந்து நின்று முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். அப்பா ஊற்றியது சொம்புத் தண்ணீர். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் பூச்சைத் தூசி என்றுதான் நினைத்திருப்போம்.

பம்ப், பெல்ட், புதுக் கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: "நான் ஊத்துனதாலதான் பம்ப் போச்சா?"

சீலைக் காக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது, ஒரு வருஷத் தண்ணீரில் அது நீர்த்துப்போயிருக்கும், உப்புத் தண்ணீர் சீலைத் தேய்க்கவும் செய்யும். இதெல்லாம் எனக்குத் தெரியும். "சீல் தேய்ஞ்சிருக்கும்ப்பா, வண்டிக்கு எட்டு வயசாச்சு. ஆனா நீங்க ஊத்துனதுல அது குறையுறதே எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். இரண்டும் உண்மை.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், "எங்க வண்டியில காலையில ஊத்தலைன்னாத்தான் தப்பு" என்றார். அதுவும் உண்மை.

மறுநாள் தொட்டியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு டேப் ஒட்டி, கறுப்பு மார்க்கரை அப்பாவிடம் கொடுத்தேன். ஊற்ற வேண்டாம், எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டி சமதரையில் நிற்கும்போது, மட்டத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினால் போதும். நான்கு மாதமாக எழுதுகிறார். பதினேழு தேதிகள், எல்லாம் ஒரே கோட்டின் மேல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. நேற்று டேப்பில் இடம் தீர்ந்துவிட்டது என்று புதுத் துண்டு கேட்டார்.